யார் உடம்புக்குக் கவசம்?

2018ஆம் ஆண்டின் நான்கு தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள் தோழர்களே.

மார்ச் 20. முன் அனுமதி இல்லாமல் கைது கூடாது என்று சொல்லி, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பல்லைப் பிடுங்கியது உச்ச நீதிமன்றம். ஏப்ரல் 2. அந்தத் தீர்ப்பை எதிர்த்து தலித் அமைப்புகள் நாடு தழுவிய பந்த் நடத்தின. வட மாநிலங்களில் துப்பாக்கிகள் வெடித்தன, நம் இளைஞர்கள் பிணமானார்கள். ஏப்ரல் 9. ராணுவத்துக்கு 1,86,138 குண்டு துளைக்காத ஜாக்கெட் வாங்க 639 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. ஏப்ரல் 11. சென்னையை அடுத்த திருவிடந்தையில், கிழக்குக் கடற்கரைச் சாலையோரம், ‘டெஃப்எக்ஸ்போ’ என்ற சர்வதேச ராணுவத் தளவாடக் கண்காட்சி தொடங்கியது. நான்கு நாள் சந்தை. கடைசி நாள் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். அந்தக் கடைசி நாள் ஏப்ரல் 14, அண்ணல் பிறந்தநாள்.

கண்காட்சியைப் பற்றி அன்று வந்த செய்தியில் பாதி, காவிரிக்காகப் பிரதமருக்குக் காட்டிய கறுப்புக்கொடி. மீதிப் பாதி டாங்கியும் ஹெலிகாப்டரும். எனக்கு அந்த டாங்கிகளைப் பற்றி இங்கே பேச ஒன்றுமில்லை. இப்படிப்பட்ட சந்தைகளில் ஓரமாக இருக்கும் வேறொரு வகை அரங்குகளைப் பற்றித்தான் பேச வேண்டும். ஒரு சிப்பாய் தன் உடம்பில் போட்டுக்கொள்ளும் பொருட்களை விற்கும் அரங்குகள். ஹெல்மெட், மார்புக் கவசம், பூட்ஸ், முழங்கால் பட்டை, கண்ணாடி, முதுகுப்பை, ரேடியோ. பாரிஸில் நடக்கும் ‘யூரோசேட்டரி’, லண்டனில் நடக்கும் ‘டி.எஸ்.இ.ஐ.’ என்று உலகம் முழுக்க நடக்கும் ஆயுதச் சந்தைகளில் இதற்கென்றே தனிப் பகுதி உண்டு. இதை மட்டுமே பேசும் மாநாடுகளும் உண்டு.

அந்த அரங்குகளில் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. ஓர் அரசு ஒரு மனித உடம்பை மதிப்பது என்று முடிவு செய்துவிட்டால், அதை எவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கும் என்பதுதான் அது.

ஒரு உடம்பு, ஒரு அமைப்பு

ராணுவ மொழியில் இதற்கு ‘சோல்ஜர் அஸ் எ சிஸ்டம்’ என்று பெயர். சிப்பாயைத் தனி ஆளாகப் பார்க்காதே, ஒரு முழு அமைப்பாகப் பார் என்பது இதன் பொருள். தலையில் என்ன எடை, கழுத்து எவ்வளவு தாங்கும், மார்பில் எந்த வகைத் தோட்டாவைத் தடுக்க வேண்டும், வியர்வை எப்படி வெளியேற வேண்டும், இருட்டில் கண் என்ன பார்க்க வேண்டும், விழுந்தால் யாருக்குத் தகவல் போக வேண்டும், எல்லாவற்றையும் சேர்த்து யோசிப்பது. இந்திய ராணுவத்தில் இதற்கு ‘எஃப்-இன்சாஸ்’ என்று பெயர். 2022 ஆகஸ்ட் 16 அன்று பாதுகாப்பு அமைச்சர் இதை ராணுவத்திடம் ஒப்படைத்தார். ஏகே-203 துப்பாக்கி, தோட்டா தாங்கும் ஹெல்மெட், கண்ணைக் காக்கும் கண்ணாடி, மார்புக் கவசம், முழங்கை முழங்கால் பட்டைகள் வரை அதில் அடக்கம்.

முதலில் சொன்ன 639 கோடி ஒப்பந்தத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வகுத்துப் பார்த்தால் ஒரு ஜாக்கெட்டுக்குச் சுமார் 34,000 ரூபாய். உள்ளே இருப்பது போரான் கார்பைடு பீங்கான் தகடு. ஏன் அந்தத் தகடு? எடை குறைவு, ஓடுகிறவனுக்கு மூச்சு வாங்கக் கூடாது. ஏன் இவ்வளவு கடினம்? கடின உருக்கு உள்ளகம் கொண்ட தோட்டாவும் தடுக்கப்பட வேண்டும். ஒரு நெஞ்சுக்கூட்டைப் பற்றி இத்தனை பேர் உட்கார்ந்து இத்தனை ஆண்டு யோசித்திருக்கிறார்கள்.

இதில் எனக்கு ஆட்சேபணை எதுவும் இல்லை. எல்லையில் நிற்பவன் நெஞ்சில் தோட்டா பாயக் கூடாது. என் கேள்வி வேறு. இதே அரசு, இதே நாட்டில், இன்னொரு உடம்பைக் குழிக்குள் இறக்குகிறது. அந்த உடம்பைப் பற்றி இப்படி உட்கார்ந்து யோசித்தவர்கள் யார்?

குழிக்குள் இறங்கும் உடம்பு

பாதாளச் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் கொல்வது பெரும்பாலும் ஹைட்ரஜன் சல்பைடு. அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் வாயு. அளவு கூடினால் அந்த நாற்றமே தெரியாது, ஏனென்றால் மூக்கின் உணர்வை அது முதலில் கொன்றுவிடுகிறது. ‘நாத்தம் போயிடுச்சு, இறங்கலாம்’ என்று நினைக்கிற நொடிதான் சாகிற நொடி. இன்னும் கூடினால் ஓரிரு மூச்சிலேயே மயக்கம். தூக்க இறங்குகிறவரும் விழுகிறார். ஒரே குழியில் இரண்டு மூன்று பேர் சாவது அதனால்தான்.

இந்த வாயுவுக்கு முன்னால் துணி மாஸ்க் ஒரு கேலி. ஆக்சிஜனே இல்லாத குழியில் வடிகட்டி வைத்த முகமூடியும் பயன்படாது. வெளியிலிருந்து குழாய் வழியாகக் காற்று வர வேண்டும். இறங்குமுன் நான்கு வாயுக்களை அளக்கும் கருவி வேண்டும். உடம்பில் கட்டிய பட்டை, மேலே முக்காலி, இழுக்க ஆள், காற்றடிக்கும் புளோயர் வேண்டும். இதெல்லாம் யாரும் கண்டுபிடிக்காத பொருட்கள் இல்லை. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளில் 40-க்கும் மேற்பட்ட பாதுகாப்புப் பொருட்களின் பட்டியல் அச்சடித்து இருக்கிறது. முழு உடல் உடுப்பு, காற்றுக் குழாய், வாயு அளக்கும் கருவி, தலை விளக்கு எல்லாம் அதில் உண்டு.

பட்டியல் காகிதத்தில் இருக்கிறது. குழியில் என்ன இருந்தது? 2022, 2023 ஆண்டுகளில் நடந்த மலக்குழி மரணங்களில் 54 மரணங்களை ஒன்றிய சமூகநீதி அமைச்சகமே ஆய்வுக்கு எடுத்தது. அந்த 54 பேரில் 49 பேர் உடம்பில் எந்தப் பாதுகாப்புப் பொருளும் இல்லை. மிச்சம் சிலரிடம் இருந்தது கையுறை. உயிரைக் காக்காத கையுறை.

களத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இந்த எண் ஆச்சரியம் தராது. ஒரு நகராட்சியில் நான் பார்த்தது இது: கையுறையும் கம்பூட்ஸும் காண்ட்ராக்டரின் அறையில் பூட்டி இருக்கும். அதிகாரி ஆய்வுக்கு வரும் நாளில் வெளியே வரும், போட்டோ எடுத்ததும் உள்ளே போகும். வேலை செய்கிறவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். வந்த கம்பூட்ஸ் எல்லாம் ஆண்களின் அளவு. அதைப் போட்டால் நடக்கவே முடியாது என்று கழற்றி வைத்தால், ‘கொடுத்தாலும் போட மாட்டாங்க சார்’ என்று மேற்பார்வையாளர் சொல்வார். சிப்பாயின் ஜாக்கெட்டுக்கு அளவு எடுக்கத் தெரிந்த நாட்டில், நம் அக்காவின் காலுக்கு அளவு எடுக்க ஆள் இல்லை.

1993-லிருந்து கணக்கெடுத்தால் மலக்குழி மரணங்களில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு. நாடாளுமன்றத்தில் கொடுத்த கணக்கிலேயே 200-க்கும் மேல். சமூகநீதி மண் என்று மேடையில் முழங்குகிறவர்கள் இந்த எண்ணையும் சேர்த்து முழங்கட்டும்.

தாக்கியது யார்?

செய்தித்தாள் எப்படி எழுதுகிறது என்று கவனியுங்கள். ‘விஷவாயு தாக்கி இருவர் பலி.’ இந்த வாக்கியத்தில் எழுவாய் விஷவாயு. எதிரி நாட்டுப் படை மாதிரி அது எங்கிருந்தோ வந்து தாக்குகிறது. இறக்கிவிட்ட காண்ட்ராக்டர் வாக்கியத்தில் இல்லை. வேலைக்குக் கூப்பிட்ட வீட்டுக்காரர் இல்லை. கையெழுத்துப் போட்ட பொறியாளர் இல்லை. சிப்பாய் செத்தால் ‘வீரமரணம்’. இவர் செத்தால் ‘பலி’. பலி என்ற சொல்லை நம் ஊரில் எதற்குப் பயன்படுத்துவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். யாரோ நலமாக இருப்பதற்காக யாரையோ வெட்டிக் கொடுப்பது.

அரசின் மொழி இதைவிடச் சாமர்த்தியமானது. 2021 ஜூலையில் நாடாளுமன்றத்தில் ஒன்றிய அரசு சொன்னது, கையால் மலம் அள்ளியதால் யாரும் சாகவில்லை என்று. அப்படியென்றால் குழிக்குள் செத்தவர்கள்? அவர்கள் ‘அபாயகரமான முறையில் சாக்கடை சுத்தம் செய்தவர்கள்’, அது வேறு கணக்கு. பெயரை மாற்றினால் பிணம் குறையும் என்ற கணக்கு இது.

இந்தச் சாமர்த்தியத்துக்கு வேர் சட்டத்திலேயே இருக்கிறது. சட்டம் படிக்கும் மாணவர்கள் இந்தப் பகுதியை மூலத்திலேயே எடுத்து வாசியுங்கள். 2013ஆம் ஆண்டுச் சட்டம் ‘அபாயகரமான சுத்தம்’ என்பதை எப்படி வரையறுக்கிறது? பாதுகாப்பு உடுப்பும் கருவியும் கொடுக்காமல், பாதுகாப்பு நடவடிக்கை எடுக்காமல் ஒருவரைக் கையால் சுத்தம் செய்ய வைப்பது. அதாவது, கொடுத்துவிட்டு இறக்கினால் அது ‘அபாயகரம்’ இல்லை! அதேபோல, அரசு அறிவித்த உடுப்பும் கருவியும் பயன்படுத்தி மலத்தை அள்ளுகிறவர் ‘கையால் மலம் அள்ளுபவர்’ ஆகவே மாட்டார் என்றும் ஒரு விளக்கம் அந்தச் சட்டத்தில் உண்டு. ஒரு கையுறையை மாட்டிவிட்டால் தீண்டாமை தீர்ந்துவிட்டது.

இங்கேதான் இரண்டு கவசங்களும் பிரிகின்றன. சிப்பாயின் கவசம் சிப்பாயின் நெஞ்சைக் காக்கிறது. நமக்குத் தரும் கவசம் முதலாளியின் முதுகைக் காக்கிறது. ‘கிட் கொடுத்தாச்சு, கையெழுத்து வாங்கியாச்சு’ என்று ஒரு தாள் கோப்பில் இருந்தால் போதும். செத்தவர் பெயரில் பழியை எழுதிக் கோப்பை மூடிவிடலாம்.

சாதி என்பதே உடுப்பைப் பற்றிய சட்டம்

இது ஏதோ நிர்வாகக் கோளாறு என்று நினைத்தால் நாம் ஏமாந்துபோவோம். ஒரு மனிதன் உடம்பில் எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது என்று தீர்மானிப்பதே சாதியின் பழைய வேலை. காலில் செருப்பு கூடாது. போட்டிருந்தால் ஊர்த்தெருவில் கழற்றிக் கையில் பிடி. தோளில் துண்டு கூடாது, இடுப்பில் கட்டு. குடை கூடாது. மேலாடை கூடாது. முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக் கூடாது. வெயில், முள், மழை, பார்வை எதிலிருந்தும் இந்த உடம்புக்குப் பாதுகாப்பு கூடாது என்பதுதான் எல்லாத் தடைகளுக்கும் பொது. ஒருவருக்குச் செருப்பையே மறுத்த சமூகம், அவர் பேரனுக்குக் காற்றுக் குழாய் கொடுக்க மறப்பது மறதியா?

அதனால்தான் ராணுவச் சீருடை நம் வரலாற்றில் வெறும் துணியாக இருக்கவில்லை. பூட்ஸ், தொப்பி, தோல் பட்டை, கூடவே பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். அண்ணலின் தந்தை ராம்ஜி சக்பால் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் சுபேதார், ராணுவப் பள்ளியில் ஆசிரியர். அண்ணல் பிறந்ததே மாவ் ராணுவக் குடியிருப்பில். நம் பக்கத்தில் மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவில் பறையர்கள் பெரிய அளவில் இருந்தார்கள். ஊரில் செருப்பு கழற்ற வேண்டியவன் படையில் பூட்ஸ் போட்டு நடந்தான்.

அந்தக் கதவையும் சாத்தினார்கள். மெட்ராஸ் படைக்குத் தளபதியாக இருந்து, பிறகு இந்தியப் படைக்கே தலைமைத் தளபதியான ராபர்ட்ஸ் பிரபு காலத்தில் ‘போர் மரபுச் சாதிகள்’ என்ற கோட்பாடு ராணுவக் கொள்கையானது. சில சாதிகளுக்கு வீரம் ரத்தத்தில் உண்டு, மற்றவர்களுக்குக் கிடையாது என்ற பொய். 1892-ல் மகார்களைச் சேர்ப்பது நின்றது. அண்ணலுக்கு அப்போது ஒரு வயது. 1941-ல் மகார் ரெஜிமென்ட் உருவாவதற்கு அவர் ஏன் அவ்வளவு பாடுபட்டார் என்று இப்போது புரிகிறதா? சம்பளத்துக்காக மட்டும் இல்லை. அரசு மதிக்கிற உடம்புகளின் பட்டியலில் நம் பெயரும் இருக்க வேண்டும் என்பதற்காக.

பட்டியலில் பெயர் வந்தாலும் சாதி விடவில்லை. 2016-ல் காஷ்மீரின் பாம்பூரில் கொல்லப்பட்ட சி.ஆர்.பி.எஃப். வீரர் ஒருவரின் உடல் உத்தரப் பிரதேசத்தில் உள்ள சொந்தக் கிராமத்துக்கு வந்தது. பட்டியல் சாதியில் பிறந்தவர். பொது நிலத்தில் தகனம் செய்யக் கூடாது என்று ஆதிக்கச் சாதியினர் தடுத்தார்கள். அதிகாரிகள் வந்து பேசித்தான் இடம் வாங்க வேண்டியிருந்தது. தேசியக் கொடி போர்த்திய உடம்பிலும் அந்த ஊர் முதலில் பார்த்தது சாதியைத்தான்.

‘சிப்பாயோடு ஒப்பிடாதே’

இதை எழுதினால் வரும் பதில் எனக்கு மனப்பாடம். ‘நாட்டுக்காக உயிரைக் கொடுக்கிறவனையும் சாக்கடை அள்ளுகிறவனையும் ஒன்றாகப் பேசுகிறாயா? தேசத்துரோகி.’

முதலில், சிப்பாய் நமக்கு எதிரி இல்லை. அவரும் பெரும்பாலும் ஏழை விவசாயி வீட்டுப் பிள்ளை. அவருக்கும் இந்த அரசு நேரத்துக்குக் கொடுத்ததில்லை. 1,86,138 ஜாக்கெட் தேவை என்று ஒப்புதல் கிடைத்தது 2009-ல். ஒப்பந்தம் 2018-ல். இடையில் ஒன்பது ஆண்டு. சியாச்சினில் பனிக்கண்ணாடிக்கு 62 முதல் 98 சதவீதம் வரை பற்றாக்குறை இருந்ததாக, 2020-ல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட சி.ஏ.ஜி. அறிக்கை சொன்னது. பனியில் கண் போகும் இடத்தில் கண்ணாடி இல்லை.

ஆனால் என்ன நடந்தது என்று பாருங்கள். சிப்பாயிடம் கண்ணாடி இல்லையென்றால் அதைத் தணிக்கை செய்ய சி.ஏ.ஜி. இருக்கிறது. சதவீதக் கணக்கில் எழுதுகிறது. நாடாளுமன்றத்தில் வைக்கிறார்கள். இரவு முழுக்க தொலைக்காட்சியில் கத்துகிறார்கள். அமைச்சர் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் எத்தனை நகராட்சிகளில் வாயு அளக்கும் கருவி எத்தனை சதவீதம் பற்றாக்குறை என்று எந்தத் தொலைக்காட்சியில் விவாதம் நடந்தது? எந்த அமைச்சர் பதில் சொன்னார்?

இரண்டாவது, நாட்டுக்காக உயிர் கொடுப்பது என்றால் என்ன? ஒரு நகரம் நான்கு நாள் சாக்கடை அள்ளாமல் இருந்து பார்க்கட்டும். பிறகு பேசலாம்.

இல்லாதது இயந்திரமில்லை, வாங்க ஆள்

‘என்ன செய்வது, நம் ஊர்ச் சந்து குறுகல், இயந்திரம் நுழையாது, தொழில்நுட்பம் இன்னும் வரவில்லை.’ இது அடுத்த பதில். இந்தப் பொய்யை உடைக்க அந்தக் கண்காட்சியே போதும்.

இப்படிப்பட்ட சந்தைக்கு நூற்றுக்கணக்கான நிறுவனங்கள் ஏன் வருகின்றன? தேசபக்தியால் இல்லை. எதிரே பெரிய வாங்குபவர் நிற்கிறார். அவர் பெயர் அரசு. அரசு முதலில் என்ன வேண்டும் என்று துல்லியமாக எழுதுகிறது: இவ்வளவு எடை, இந்தத் தோட்டா, இந்த வெப்பம். பிறகு மாதிரியை வாங்கிச் சோதிக்கிறது. தோற்றால் திருப்பி அனுப்புகிறது. தேறினால் லட்சக்கணக்கில் ஆர்டர் கொடுக்கிறது. அந்த ஆர்டரை நம்பித்தான் தொழிற்சாலை, ஆராய்ச்சி, பொறியாளர் எல்லாம் வருகிறார்கள். தொழில்நுட்பம் வானத்திலிருந்து விழுவதில்லை. காசோலை எங்கே இருக்கிறதோ அங்கே முளைக்கிறது.

அதே திருவிடந்தை மேடையில்தான் ‘ஐடெக்ஸ்’ என்ற திட்டத்தைப் பிரதமர் தொடங்கி வைத்தார். ராணுவத்துக்குப் புதுக் கருவி கண்டுபிடிக்கும் சிறு நிறுவனங்களுக்கு ஒன்றரைக் கோடி வரை மானியம். அதன் முதல் சுற்றில் அறிவித்த சவால்களில் ஒன்று: உள்ளேயே உணர்கருவி பொருத்திய தனிநபர் பாதுகாப்பு உடுப்பு. பொறியியல் படிக்கும் தம்பி தங்கைகள் இதை இரண்டு முறை படியுங்கள். உடம்பில் மாட்டிய கருவியே ஆபத்தை உணர்ந்து சொல்ல வேண்டும் என்ற யோசனை இந்த அரசுக்கு உண்டு. அந்த யோசனை மேன்ஹோல் மூடியருகே வந்ததும் நின்றுவிடுகிறது.

இப்போது பணத்தைப் பாருங்கள். சாக்கடைத் தொழிலாளர்களுக்காக ஒன்றிய அரசு கொண்டுவந்த திட்டம் ‘நமஸ்தே’. நாடு முழுவதற்கும், 2025-26 வரையான மூன்று ஆண்டுகளுக்கும் சேர்த்து ஒதுக்கியது சுமார் 350 கோடி. அதற்குள்தான் கணக்கெடுப்பு, பாதுகாப்பு கிட், பயிற்சி, காப்பீடு, இயந்திரம் வாங்க மானியம் எல்லாம். ராணுவத்துக்கு ஒரே ஒரு பொருள், ஒரே ஒரு ஒப்பந்தம், 639 கோடி. இது பட்ஜெட்டில் பணம் இல்லாத கதையா, இல்லை மனசில் இடம் இல்லாத கதையா?

அந்தத் திட்டத்தில் 2024 வரை கணக்கெடுத்த சுமார் 38,000 சாக்கடை, செப்டிக் டேங்க் தொழிலாளர்களில் ஏறத்தாழ 69 சதவீதம் பட்டியல் சாதியினர். பழங்குடியினரையும் பிற்படுத்தப்பட்டோரையும் சேர்த்தால் 92 சதவீதம். அரசு தன் கையாலேயே எழுதிய கணக்கு இது. ராணுவம் ஒரு சிப்பாயை இழந்தால் இன்னொருவரைத் தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்து, சம்பளம் கொடுத்து நிறுத்த வேண்டும். அதற்குச் செலவு உண்டு. சாக்கடையில் ஒருவர் செத்தால் அடுத்தவரை சாதி இலவசமாக அனுப்பி வைக்கிறது. இலவசமாகக் கிடைக்கிற உடம்பைக் காக்க எந்த முதலாளி இயந்திரம் வாங்குவான்?

இயந்திரம் இல்லாமலும் இல்லை. ஜெட்ராடிங் வண்டி, சூப்பர் சக்கர் வண்டி சென்னையிலேயே ஓடுகிறது. கேரளத்தில் பொறியியல் படித்துவிட்டு வந்த இளைஞர்கள் ‘பேண்டிகூட்’ என்ற ரோபோவைச் செய்து 2018-ல் திருவனந்தபுரத்தில் இறக்கினார்கள். திருவிடந்தையில் கண்காட்சி நடந்த அதே ஆண்டு. ஒரு சிறு நிறுவனத்தால் முடிந்ததை ஓர் அரசால் எல்லா நகராட்சிக்கும் வாங்கித் தர முடியாதா?

‘வீரர்’ பட்டம் வேண்டாம்

இங்கே நாம் ஒரு பொறியில் விழக் கூடாது. ‘சிப்பாய்க்குக் கொடுப்பது போல எங்களுக்கும் நல்ல உடுப்பு கொடு’ என்று நம் கோரிக்கையைச் சுருக்கிவிட்டால், எதிராளிக்கு அதைவிட மகிழ்ச்சி இல்லை. உடுப்பைக் கொடுத்து உள்ளே இறக்கச் சட்டத்திலேயே ஓட்டை இருக்கிறது என்று பார்த்தோம். மேன்ஹோல் வாய் குறுகல், முதுகில் சிலிண்டரோடு இறங்கவே முடியாது. எத்தனை நல்ல உடுப்பு வந்தாலும் உள்ளே போகிற உடம்பு யாருடையது என்பது மாறாது. போர்க்களத்தில் எதிரி இருக்கிறான், ஆபத்து வெளியிலிருந்து வருகிறது என்று சொல்லலாம். சாக்கடையில் எதிரி யார்? நம் வீட்டுக் கழிவறை. இந்த ஆபத்தை நாமே கட்டி, நாமே மூடி போட்டு வைத்திருக்கிறோம். மனிதன் இறங்காமல் தீர்க்கக்கூடிய ஆபத்துக்குக் கவசம் கேட்பது, இறங்குவதை ஏற்றுக்கொள்வதாகிவிடும்.

தூக்கிக் குப்பையில் போட வேண்டிய இன்னொன்று, பட்டம். கொரோனா காலத்தில் ‘முன்களப் பணியாளர்’, ‘கொரோனா வீரர்’ என்றார்கள். 2020 மே 3 அன்று ராணுவ ஹெலிகாப்டர்கள் மருத்துவமனைகள் மீது பூத்தூவின. பூ விழுந்த இடத்தைப் பெருக்கியவர் யார் என்று கேட்க வேண்டாம். அந்த ‘வீரர்கள்’ 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன் உட்கார்ந்தார்கள். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் துப்புரவுப் பணியைத் தனியாருக்குக் கொடுக்காதே, வேலையை நிரந்தரமாக்கு என்பதுதான் கோரிக்கை. பதின்மூன்றாம் நாள் நள்ளிரவில் போலீஸ் அவர்களை அள்ளிக்கொண்டு போனது. மறுநாள் அமைச்சரவை கூடி, காலை உணவு முதல் காப்பீடு வரை நலத்திட்டங்களை அறிவித்தது. கேட்டது வேலை நிரந்தரம். கிடைத்தது இட்லி. வீரர் என்ற பட்டத்தின் விலை அவ்வளவுதான். சிப்பாயைக் காண்ட்ராக்டில் விட்டால் நாடு தாங்காது என்று ‘அக்னிபத்’ வந்தபோது தெருவில் இறங்கியவர்கள், தூய்மைப் பணியாளரைக் காண்ட்ராக்டில் விட்டால் மட்டும் ஏன் அமைதியாக இருக்கிறார்கள்?

நாம் என்ன கேட்க வேண்டும்

ராணுவத் தளவாடம் வாங்கும் முறையிலிருந்தே நம் கோரிக்கையை எழுதுவோம்.

ஒன்று, வாங்கு. மனிதன் இறங்காமல் சாக்கடையையும் செப்டிக் டேங்கையும் சுத்தம் செய்யும் இயந்திரத்துக்கு, நம் சந்துகளின் அகலத்துக்கும் நம் மேன்ஹோலின் வாய்க்கும் ஏற்ப, அரசு தேவைக் குறிப்பு எழுதட்டும். சோதிக்கட்டும். மொத்தமாக ஆர்டர் கொடுக்கட்டும். அந்த இயந்திரத்தை இயக்கும் வேலை, இதுவரை இறங்கியவர்களுக்கே நிரந்தர வேலையாக வரட்டும்.

இரண்டு, கணக்குக் காட்டு. உங்கள் ஊர் நகராட்சிக்கு ஆர்.டி.ஐ. போடுங்கள். வாயு அளக்கும் கருவி எத்தனை? கடைசியாக எப்போது பயன்படுத்தினீர்கள்? ஜெட்ராடிங் வண்டி எத்தனை, ஓடுவது எத்தனை? கிட் வாங்கிய பில் எங்கே? யாருடைய அளவுக்கு வாங்கினீர்கள்? சி.ஏ.ஜி. சியாச்சினில் செய்ததை ஒரு மாணவர் குழு ஒரு நகராட்சியில் செய்ய முடியும்.

மூன்று, வழக்குப் போடு. மரணம் நடந்த ஊருக்குப் போகும்போது எஃப்.ஐ.ஆரை வாங்கிப் பாருங்கள். ‘சந்தேக மரணம்’ என்று எழுதி மூடியிருப்பார்கள். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, அபாயகரமான சுத்தத்துக்கு ஆளை இறக்கினால் முதல் குற்றத்துக்கே இரண்டு ஆண்டு வரை சிறை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஜெ) பிரிவுப்படி, பட்டியல் சாதியினரைக் கையால் மலம் அள்ள வைப்பது வன்கொடுமை. இரண்டையும் சேர்க்கச் சொல்லிக் காவல் நிலையத்திலேயே உட்காருங்கள். 2023 அக்டோபர் 20 தீர்ப்பின்படி இழப்பீடு 30 லட்சம். 2014 தீர்ப்பின் பழைய 10 லட்சத்தைக் கொடுத்து முடிக்கப் பார்த்தால், அந்தக் குடும்பத்தின் பக்கம் நில்லுங்கள். பிணவறை வாசலில் பேரம் பேச வருகிற காண்ட்ராக்டரின் ஆளிடம் அவர்களைத் தனியாக விடாதீர்கள்.

நான்கு, சட்டத்தை மாற்று. உடுப்பு கொடுத்தால் இறக்கலாம் என்ற வரையறை போக வேண்டும். உடுப்போடோ உடுப்பில்லாமலோ, மனிதன் இறங்கக் கூடாது. இறக்கியவன் உள்ளே போக வேண்டும், சிறைக்குள்.

இனி ஒருமுறை ராணுவக் கண்காட்சி நம் பக்கம் வந்தால் கல்லூரிப் பேருந்தில் ஏற்றி உங்களை அழைத்துப் போவார்கள். போங்கள். அந்தக் கவசத்தைத் தூக்கிப் பாருங்கள், தகட்டைத் தட்டிப் பாருங்கள். அரங்கில் நிற்கிறவரிடம் இதைச் செய்ய எத்தனை ஆண்டு ஆனது, யார் கேட்டார்கள், யார் பணம் கொடுத்தார்கள் என்று விசாரியுங்கள். அந்தப் பதிலை எழுதி எடுத்துக்கொண்டு நேராக உங்கள் ஊர் நகராட்சி ஆணையர் அறைக்குப் போங்கள். தொழில்நுட்பம் இல்லை என்று அவர் சொல்லும்போது அந்தத் தாளை மேஜையில் வையுங்கள்.